ஆற்றுவாய் வெட்டியவரின் பெயர்

1

ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை ஒரு மென்பொருளோடு வரும் பெயர்ப்பட்டியலில் பிறந்தது. அந்த மென்பொருளை உருவாக்கிய நாற்பத்தொரு பேரில் நாற்பது பேர் நிரல் எழுதியவர்கள். மற்றவர் நல்லரத்தினம், செங்கலடி, விவசாயி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மட்டக்களப்பு வாவியின் மேல் நிலவு...' [அடித்துவிட்டேன். வெள்ளத்தில் நின்றவன் எவன் நிலவைப் பார்த்தான்?]

2

2006 மார்கழி, போர்க்காலம். வாகரைப் பக்கம் ஷெல் குண்டுச் சத்தம். வாவி கடலில் சேரும் ஆற்றுவாயை மணல்மேடு அடைத்துக் கிடந்தது. நல்லரத்தினத்தின் வயல் கிடந்த வட்டை முழுவதும் நீருக்குள். வெள்ளம் கடலுக்கு வடிய மேட்டை வெட்ட இராணுவம் ஒரே ஒரு காலைக்குத்தான் அனுமதி கொடுத்தது. பிழையான இடத்தில் வெட்டினால் மணல் திரும்ப மூடிவிடும், பயிர் அழுகிவிடும்.

எங்கே வெட்டுவது என்று கேட்டு அவர் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பித்த அஞ்சலாவிடம் போனார். அவளிடம் ஒரு திறந்த மூல மென்பொருள் இருந்தது. நீரோட்டம், உப்பு, மணல் நகர்வு மூன்றையும் ஒன்றாகக் கணிக்கும் பெரிய சாமான். யாரும் அதைத் திருத்தி அனுப்பலாம்.

(அஞ்சலாவைப் பயந்தவளாகவும் எழுதிப் பார்த்தேன். அடுத்த வரியிலேயே கணினியைத் திறந்துவிட்டாள்.)

3

கணினி மறுத்தது. கணக்கு ஓடும்போது கடல் எல்லையை மாற்றி, அடைத்த கரையைத் திறக்க முடியாதாம். இரண்டு நாள் மினக்கெட்டு அதைத் திருத்தி, மென்பொருளின் பொறுப்பாளர்களுக்கு அனுப்பினாள். பதில் வந்தது: 'கரையை இடையில் யார் திறக்கப்போகிறார்கள்?'

"நாங்கதான்," என்றார் நல்லரத்தினம். "வருசா வருசம் வெட்டுறம். அது தெரியாதா புள்ள அந்த ஆக்களுக்கு?"

"தெரியாது ஐயா. காட்டுவம். தெக்கு மூலையில வெட்டுங்க. நாலாம் நாள் வாவிப் பாலத்துத் தூணில தண்ணி ரெண்டடி இறங்கும் எண்டு கணக்குச் சொல்லுது."

"கணக்குப் பிழைச்சா?"

"உங்கட வயலும் போகும், என்ட மானமும் போகும்."

அவர் சிரித்துக்கொண்டே மண்வெட்டியைத் தூக்கினார்.

4

முடிவு ஒன்று: மணல் மூடிக்கொண்... [இதை எழுத எனக்கு மனமில்லை.]

முடிவு இரண்டு: நாலாம் நாள் தூணில் அளந்தார்கள். இரண்டடியும் ஒரு விரலும் இறங்கியிருந்தது.

"ஒரு விரல் பிழை," என்றார் நல்லரத்தினம், கண் கலங்க. பின்னால் பச்சைப் பயிர் தலைகாட்டி நின்றது.

அஞ்சலா அளவுகளை அனுப்பினாள். அவளுடைய திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். இன்று எந்த நாட்டில் எவர் அந்த மென்பொருளை இறக்கினாலும் கணக்கு ஓடும்போதே கரையை இடையில் திறக்கலாம். இதை எழுதும்போது எனக்கு எழும்பி ஆடவேண்டும்போல இருக்கிறது.

5

பட்டியலில் தன் பெயருக்கு மேலே அவருடைய பெயரைப் போட்டாள் அஞ்சலா. 'நிரலில் இவர் எந்த வரியை எழுதினார்?' என்று பொறுப்பாளர்கள் கேட்டார்கள். அவளுடைய பதிலை மூன்று விதமாக எழுதி, மூன்றையும் அடித்துவிட்டேன். நீங்கள் எழுதுங்கள்.

எதை எழுதினாலும் பெயர் அங்கேதான் இருக்கும். நேற்றும் பார்த்தேன்.