நகராத புள்ளி

திருவேட்டக்குடிப் படகுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், எவரும் எழுதி வைக்காத விதி ஒன்று உண்டு: இலவசமாக வந்த செயலியைக் குழுவில் குறை சொல்லக் கூடாது. கட்டைவிரலை உயர்த்தலாம், குறை இருந்தால் கொடுத்தவரிடம் தனியே சொல்லலாம். சென்ற ஆண்டு தெட்சிணாமூர்த்தி, வரைபடம் தப்பு என்று குழுவிலேயே எழுதிவிட்டார். ஷார்ஜாவில் வேலை பார்த்துக்கொண்டே, படகு நிற்கும் இடத்தைப் புள்ளியாகக் காட்டும் அச்செயலியை உருவாக்கித் தரும் இக்பால் அதன்பின் வெகுநாள் எதையும் அனுப்பவில்லை. தெட்சிணாமூர்த்தியின் படகைத் தள்ள இன்றும் யாரும் கை கொடுப்பதில்லை.

நேற்று புதிய பதிப்பு வந்தது. இலங்கையுடனான கடல் எல்லைக்கோடு சிவப்பாகத் துலங்கியது. அதன் கீழே கட்டைவிரல்கள் வரிசைகட்டின. சுகிர்தாவின் அண்ணன் கருப்பையன் அதைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டுதான் இன்று விடியலில் கடலுக்குப் போனார்.

மதியம் காரைக்காலிலிருந்து திரும்பிய சுகிர்தா, கணினி வகுப்புக்காக டவரைத் துண்டித்து விமானப் பயன்முறையில் வைத்த கைப்பேசியில் அப்படியே செயலியைத் திறந்தாள். வீட்டு வாசலில் நிற்பவளை, செயலி இன்னும் காரைக்காலிலேயே காட்டியது. கடற்கரைவரை நடந்து பார்த்தாள். புள்ளி அசையவில்லை. டவரை இணைத்ததும் துள்ளி வந்து சரியான இடத்தில் நின்றது.

"ஒன் போனு கெழடு" என்று சிரித்தாள் அண்ணி பங்கஜவல்லி. "என்னுதுலயும் டவர ஆஃப் பண்ணிட்டேன். ஒழுங்கா நவுருது பாரு."

"ஒங்களுது பழைய வெர்ஷன் அண்ணி."

பங்கஜவல்லி சிரிப்பை நிறுத்தினாள். நடுக்கடலில் டவர் கிடையாது. கோட்டுக்கு இப்பால் புள்ளி உறைந்து நிற்கும். கருப்பையன் அதை நம்பிக் கோட்டைக் கடந்துகொண்டிருப்பார். கடந்தால் இலங்கைக் கடற்படை பிடித்துப் போகும்.

சுகிர்தா இக்பாலுக்குத் தனியே எழுதினாள். பதில் உடனே வந்தது: "செக் பண்ணித்தாம்மா போட்டேன். டூட்டி முடிஞ்சு பாக்குறேன், இன்ஷா அல்லாஹ். குரூப்ல மட்டும் போட்டுடாதம்மா."

அண்ணனை அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது குரல்; மறுபடியும் அதையே சொன்னது.

"டவருக்குள்ள நிக்கிற படகுக்காரங்க யாராச்சும் வயர்லெஸ்ல சொன்னாத்தான் உண்டு" என்றாள் பங்கஜவல்லி.

"யாரு நிக்கிறாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்? குரூப்லதான் கேக்கணும்."

"கேட்டா நாளைக்கு நம்ம படகையும் நாமளேதான் தள்ளணும்." அண்ணி கடல் பக்கம் பார்த்தாள். "தள்ள ஆளு திரும்பி வரட்டும் மொதல்ல. போடு."

தட்டி எழுத நேரமாயிற்று. சுகிர்தா எழுதுவதை விட்டுவிட்டு, குழுவைத் திறந்து, ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்திப் பேசினாள்:

"நான் கருப்பையன் தங்கச்சி சுகிர்தா பேசுறேங்க. இக்பால் அண்ணன் நேத்து குடுத்த ஆப்பு தப்புங்க. டவர் போனா புள்ளி நகராது. யாரும் அத நம்பிக் கோட்டுப் பக்கம் போவாதீங்க. கரையோரமா நிக்கிறவங்க யாரா இருந்தாலும், வயர்லெஸ்ல எங்க அண்ணனுக்குச் சொல்லுங்க."