பென்சில் கனத்தில் ஒரு வயர்

என் கார் ஸ்டீரியோ கடையில் சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டியின் மேல் அக்கா உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவேயில்லை. ஒரு வாடிக்கையாளரின் காருக்குள்ளிருந்து நான் தலையை வெளியே இழுத்துப் பார்த்தபோது, கண்ணை மூடிக்கொண்டு தாளம் தப்பாமல் தலையாட்டிக்கொண்டிருந்தாள். வலது காது எப்போதோ போய்விட்டது. இடது காதில் மிஷின் மாட்டினால் பக்கத்தில் பேசுவது மட்டும் இரைச்சலோடு விழும், அவ்வளவுதான்.

"இதை என் கார்ல வச்சுக் குடுடா."

"உனக்கெதுக்குக்கா இதெல்லாம்?"

"சீட்டு வழியாக் கேட்டுக்கறேன். காதுதானே போச்சு, முதுகு நல்லாத்தானே இருக்கு?"

வீட்டில் சமைத்து, மதியச் சாப்பாட்டை அடுக்கு டிபன்களில் கட்டி, பத்துப் பன்னிரண்டு அலுவலகங்களுக்குத் தன் பழைய காரில் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் அவள். ஒரு நாளில் அவள் தனியாக இருப்பது அந்தக் காரில் மட்டும்தான். அதனால் நானும் சரியென்றேன்.

ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர் ஒரு பெருந்தீனிக்காரன். பாட்டில் ஒவ்வொரு அடி விழும்போதும் பேட்டரியிலிருந்து கரண்டை அள்ளிக் குடிக்கும். அதற்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கட்டைவிரல் கனத்தில் கேபிள் போக வேண்டும். கரண்ட் மிஞ்சினால் துண்டித்துவிட, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஃப்யூஸ் வேண்டும். எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலிருக்கும் இரும்புத் தகட்டில் கேபிள் நுழையும் ஓட்டைக்கு, விளிம்பில் உரசாமலிருக்க ரப்பர் வளையம் வேண்டும். வருகிறவர்களிடமெல்லாம் இதை வாய் வலிக்கச் சொல்கிறவன் நான். அன்றைக்குப் பெரிய கேபிள் தீர்ந்துபோயிருந்தது. அக்காவோ பதினொரு மணிக்குச் சாப்பாடு ஏற்ற வேண்டும் என்று நின்றாள். வேறு யாராக இருந்தாலும் நாளைக்கு வாருங்கள் என்றிருப்பேன். அக்காதானே என்று, மூலையில் கிடந்த பென்சில் கன வயரை இழுத்து மாட்டினேன். ஃப்யூஸும் வளையமும்கூட இல்லை. அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த அடுத்த வாரம் மூன்று மாதமாகியும் வரவில்லை. நடுவில் ஒருநாள் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். "ராத்திரில ஓட்டும்போது, அடி விழும்போதெல்லாம் ஹெட்லைட்டு மங்கி மங்கி எரியுதுடா. அதுவும் என்கூடச் சேர்ந்து பாட்டுக் கேக்குது போல!"

கரண்ட் பற்றாமல் வண்டி திணறுகிறது என்று எனக்குத் தெரியாதா என்ன? கையில் வேறொருவர் வேலை இருந்தது. "அது அப்படித்தான்க்கா இருக்கும்," என்றேன். அவள் என்னை நம்பினாள்.

ஒரு மதியம், சிக்னலில் நிற்கும்போது அது நடந்தது. இரும்பு விளிம்பில் உரசி உரசி வயரின் தோல் கிழிந்து, கால் மிதியடிக்கு அடியில் தீப் பிடித்தது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்திருக்கிறார்கள், கத்தியிருக்கிறார்கள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. பாதம் சுட்ட பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறாள். இறங்கியவள் அப்படியே விலகிப் போயிருக்கலாம். பன்னிரண்டு இடத்தில் பசியோடு காத்திருப்பார்களே என்று பின்கதவைத் திறந்து டிபன்களை எடுக்கப் போனாள். வலது கை வெந்துவிட்டது. இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்குவதில்லை.

ஆஸ்பத்திரியில், நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் சொன்னாள். "எலி கடிச்சிருக்கும்டா. பழைய வண்டிதானே."

ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன்.

பார்க்க வந்த அத்தனை பேரிடமும் அதையே சொன்னாள். "வயரிங் சரியில்லையோ?" என்று சித்தப்பா இழுத்தபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் தம்பி கை வச்ச வேலைல குத்தம் வராது," என்றாள். நான் பக்கத்திலேயே ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மாதம் கழித்து வேறொரு பழைய கார் வாங்கினாள். அதற்குள் இடது காதும் அடங்கிவிட்டது. பேசுகிறவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொண்டாள். கார் வந்த மறுநாளே என்னைக் கூப்பிட்டாள். பாட்டு வேண்டுமாம்.

கட்டைவிரல் கனக் கேபிள், ஃப்யூஸ், வளையம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். அவள் வீட்டு வாசலிலேயே வேலை. கேபிள் சுருளை அவள் பிடித்துக்கொள்ள, நான் பானெட்டுக்குள் குனிந்து வளையத்தை அழுத்திப் பொருத்தினேன். பொருத்தும்போதே பேச்சு தானாக வந்தது.

"எலி இல்லக்கா. நான்தான். மெல்லிசு வயரப் போட்டேன். மாத்தணும்னு தெரிஞ்சும் மாத்தல. லைட்டு மங்குதுன்னு நீ வந்து சொன்னப்பவும் வாயை மூடிக்கிட்டேன்."

எஞ்சினைப் பார்த்தபடி முழுவதையும் சொல்லி முடித்தேன். ஏதோ இறங்கிவிட்டது போலக்கூட இருந்தது. அப்போது அவள் என் முதுகில் தட்டினாள்.

"என்னடா முணுமுணுக்கற? தாடை அசையறது தெரியுது, என்னன்னு தெரியல. நிமிந்து என்னைப் பாத்துச் சொல்லு."

நிமிர்ந்தேன். மடங்காத அந்த இரண்டு விரல்களில் சிவப்புக் கேபிள் சுருளைத் தொங்கவிட்டபடி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவள் என் உதட்டையே பார்த்து நின்றாள்.