சேறு கக்குற இடம்

கேட் மூடிவிட்டதால் ஒச்சப்பனின் பாடை தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே நின்றது. கொட்டுச் சத்தமும் நின்றது.

"முப்பத்து நாலு வருசம் இந்தத் தண்டவாளத்துல சுத்தியலோட நடந்த மனுசன்," என்றார், பாடையின் பக்கத்தில் நின்ற அய்யாதுரை. "கடைசிலயும் வண்டிக்கு வழிவிட்டுட்டுத்தான் போறாரு எங்க மச்சான்."

பெண்கள் கேட்டைத் தாண்டுவது வழக்கமில்லை. மகள் மாரிசெல்வி அப்பாவின் காலைத் தொட்டுவிட்டு விலகியபோது சரக்கு வண்டி வந்தது. இருபதடி தள்ளி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தண்டவாளம் அமுங்கியது. ஜல்லிக்கு நடுவிலிருந்து கறுத்த சேறு பீச்சியடித்தது. வண்டி போன பிறகும் அந்த இடம் பள்ளமாகவே கிடந்தது.

அப்பா சொல்வார்: "அடியில கரிசக் களிமண்ணு தாயி. ஒரு வண்டிக்கு அசராது. அடுத்தடுத்து ஏறுனா உள்ள இருக்கிற தண்ணி வடிய நேரமில்ல. ஒவ்வொரு தடவையும் மயிரிழை எறங்கும். எறங்குனது திரும்ப ஏறாது."

மழை தொடங்கியதும் படுக்கையிலிருந்தபடி தினமும் கேட்டார். "கேட்டுப் பக்கத்துல அந்த எடத்தப் போய்ப் பாத்தியா?" தீபாவளி சீசன். விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனி வேன் அவளை இறக்கிவிடும்போது இடுப்பு விட்டுப்போயிருக்கும். நாலு நாளைக்கு முன்னால், அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "பாத்துட்டேம்ப்பா. நல்லாத்தான் இருக்கு."

அன்றைக்குத்தான் அவர் நன்றாகத் தூங்கினார்.

பாடையின் முன்கட்டையைத் தோளில் வாங்கி நின்ற கோட்டைச்சாமி அப்பாவோடு ஒன்றாகத் தண்டவாள வேலை பார்த்தவர்; இன்னும் வேலையில் இருப்பவர். அவள் அவரிடம் போனாள்.

"சித்தப்பா, அங்கன சேறு கக்குது."

அவர் திரும்பிப் பார்த்தார். முகம் மாறியது.

"நீ பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்னதா ஒங்கப்பா போன் பண்ணாரே தாயி. அதான் நானும் போகல."

"நான் பாக்கல சித்தப்பா."

பெண்கள் அவளையே பார்த்தார்கள். கோட்டைச்சாமி அய்யாதுரை பக்கம் திரும்பினார்.

"அய்யாதுரை, தோள் மாத்துங்க."

"ஏலே, கடைசி வரைக்கும் நாந்தான் தூக்குவேன்னு நின்னவன் நீ!"

"அடுத்து எக்ஸ்பிரஸ் வருது. மெதுவா விடச் சொல்லணும்," என்று சொல்லிவிட்டு, கேட் கீப்பர் அறையிலிருந்த போனை நோக்கி ஓடினார்.

கேட் திறந்தது. பாடை அவர் இல்லாமலே தாண்டிப் போனது. பெண்கள் திரும்பினார்கள்.

வீட்டைக் கழுவிவிட்டு, அப்பா கிடந்த இடத்தில் விளக்கேற்றி, பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்தாள் மாரிசெல்வி. ஐந்தரை மணிக்கு எக்ஸ்பிரஸ் வந்தது. வழக்கமாக ஓட்டு வீடே அதிரும். கட்டிலுக்கடியில் அப்பாவின் தம்ளர் நகரும்.

இன்று ஒவ்வொரு பெட்டியாக, நடந்து போவதுபோல் போனது. அவள் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பெட்டி தாண்டும்வரை தண்ணீர் அசையவில்லை.