விக்னேஷ் எடுக்கப்போன ஆணி

ஸுஷ்மாவுக்குக் கொரிய மொழி தெரியும். சின்ன காஞ்சிபுரத்தில் வேறு யாருக்கும் தெரியாது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கொரியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர் வேலை. போன பொங்கல் விழாவில் மேடையேறி, இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களை அடுக்கினாள். அப்பா அவர்களுக்கும் அப்பாதான். நான், நாள், புல் எல்லாம் ஏறக்குறைய அப்படியே. ஒலி ஒத்துப்போய்ப் பொருள் மாறுகிறவையும் உண்டு. 'ஆனி' என்று அவர்கள் கத்தினால் 'வேண்டாம்' என்று அர்த்தம், நாமோ குனிந்து ஆணியைத் தேடுவோம் என்றதும் ஆயிரம் பேர் சிரித்தார்கள்.

சிரித்தவர்களில் ஸ்ரீசரணும் ஒருவன். கம்பெனியின் எச்.ஆர். அதிகாரி. எதையும் வீணாக்காத ஆள், ஒரு வேடிக்கைப் பேச்சைக்கூட.

போன வாரம் பிரஸ் மெஷினில் நசுங்கி விக்னேஷ் செத்துப்போனான். ஐயம்பேட்டைப் பையன், நெசவாளர் வீட்டு ஒரே பிள்ளை. அந்த மெஷினுக்கு ஒரு பாதுகாப்புக் கதவு உண்டு. அது திறந்திருந்தால் மெஷின் ஓடாது. திறந்து மூட நேரமாகிறது என்று, அதன் சுவிட்சைக் கம்பியால் கட்டிவிட்டுக் கதவைத் திறந்தபடியே ஓட்டினார்கள். கட்டச் சொன்னவர் கொரிய மேனேஜர். அதைத் தமிழில் சொன்னவள் ஸுஷ்மா.

இப்போது ஸ்ரீசரணும் ஸுஷ்மாவும் காரில் ஐயம்பேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"கொரிய சூப்பர்வைசர் 'ஆனி'னு கத்தினார். வேண்டாம்னு தடுத்திருக்கார். பையன் ஆணி விழுந்து கிடக்குதுன்னு நினைச்சு மெஷினுக்குள்ள கையை விட்டுட்டான். அவ்ளோதான்," என்றான் ஸ்ரீசரண். "நாளைக்கு இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வர்றார். பெத்தவங்களே இதைச் சொல்லிட்டா முடிஞ்சுது. நீ மொழி தெரிஞ்சவ, நீ சொன்னா நம்புவாங்க."

"அங்க எல்லாரும் காதை அடைச்சுக்கிட்டுதான் வேலை செய்யறாங்க, சார். யார் கத்தினாலும் கேக்காது."

"உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

ஸுஷ்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பயம்தான், வேறு என்ன.

வீட்டில் விக்னேஷின் அம்மா கிருஷ்ணம்மாள் மட்டும் இருந்தாள். அப்பா கைலாசம் காரியத்துக்கு ஏற்பாடு செய்யப் போயிருந்தார். தறியின் மேல் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். கிருஷ்ணம்மாள் தன் முந்தானையாலேயே தரையைத் துடைத்து, "உக்காரு மா" என்றாள்.

ஸுஷ்மா உட்கார்ந்தாள். ஒப்பித்தாள். மேடையில் கோவையாக வந்த அதே சொற்கள் இப்போது தட்டுத்தடுமாறி வந்தன. அவர்கள் பாஷையில் இப்படி, நம் பாஷையில் இப்படி, அதனால் உங்கள் பிள்ளை ஆணி என்று நினைத்து...

அந்த அம்மாள் கூச்சல் போடுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுதான் ஸ்ரீசரண் வாசலோரமாக நின்றிருந்தான். கிருஷ்ணம்மாள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆணின்னா எடுப்பான் மா," என்றாள் மெதுவாக. "தறி வீட்ல கீழ ஒரு ஆணி கிடக்கக் கூடாது. புடவையில மாட்டிக்கினு ஒரு இழை அறுந்தா போச்சு, மாசக்கணக்கா நெய்ஞ்சது பூரா பாழ். சின்னதுல ஒரு வாட்டி பாத்தும் எடுக்காம வந்துட்டான். கரண்டிக் காம்பால கையிலயே போட்டேன். அதுலேர்ந்து எங்க பாத்தாலும் எடுத்துடுவான். ரோட்டுல போறப்போகூட. நான் பழக்கினதுதான் மா."

ஸ்ரீசரணின் முகத்தில் நிம்மதி பரவுவதை ஸுஷ்மா பார்த்தாள். அந்த முகத்தில் ஓங்கி ஒரு அறை விடவேண்டும் போலிருந்தது. அந்த நொடியில் வேலையும் பயமும் எங்கோ போய்விட்டன.

"பொய், மா!" என்று கத்தினாள். "ஆணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாதுகாப்புக் கதவோட சுவிட்சைக் கட்டி வெச்சிருந்தாங்க. கட்டச் சொல்லி அவனுக்குச் சொன்னதே நான்தான். மெஷின்ல மாட்டின தகட்டை எடுக்கப் போனான், அது இறங்கிடுச்சு. யாரும் கத்தல. கத்தியிருந்தாலும் அவனுக்குக் கேட்டிருக்காது!"

"ஸுஷ்மா, எழுந்திரு!" என்றான் ஸ்ரீசரண்.

கிருஷ்ணம்மாள் அவளுடைய கன்னத்தைத் தொட்டாள். அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துகிற தொடுகை.

"என் மனசு ஆறணும்னு சொல்ற. நல்லா இருப்ப மா. ஆனா ஆணின்னா அவனுக்குக் கேக்கும். தூக்கத்துல சொன்னாலும் எழுந்துக்குவான். எனக்குத் தெரியாதா?"

"சத்தியமா, மா! உங்க மேல ஒரு தப்பும் இல்ல..."

வெளியே சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. கைலாசம் வந்துவிட்டார். கிருஷ்ணம்மாள் பதறிப்போய் ஸுஷ்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஆணி விஷயத்தை மட்டும் அவராண்ட சொல்லிடாத மா. நான் கொன்னுட்டேன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் தாங்கமாட்டாரு."