எந்தக் கோடு

அவருக்கு வீட்டில் பூட்டுக்காரர் என்று பெயர். வைத்தது மனைவி. வைத்ததில் நியாயம் இருந்தது. பெரிய கம்பெனியில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த மனிதர், வேலையை விட்டுவிட்டு வந்து, சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு அச்சகங்களுக்காக ஒரு மென்பொருள் எழுதினார். புத்தகத்தின் பக்கங்களைப் பெரிய தாளில் எப்படி மாற்றி அடுக்கினால், மடித்த பிறகு வரிசையாக வரும் என்பதை அது தானே கணக்குப் போட்டுச் செய்துவிடும். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதை இயக்கும் சோர்ஸ் கோடை, அதாவது அவர் எழுதிய நிரல் வரிகளை, மட்டும் பூட்டி வைத்திருந்தார். நன்கொடை குறிப்பிட்ட தொகையைத் தொட்டதும் பூட்டைத் திறந்து உலகத்துக்கே கொடுத்துவிடுவார். அதன்பின் எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

"சும்மா குடுக்கறதுக்குக் காசு கேக்கறீங்க," என்றாள் மனைவி.

"சும்மா இல்ல. சுதந்திரமா."

"அதைத்தான் பூட்டி வெச்சிருக்கீங்களே."

இதற்குப் பதிலாக அவரிடம் நீளமான கட்டுரையே ஒன்று இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை. பிழை திருத்த உட்கார்ந்தபோது அவருக்கே பாதியில் கண்ணைச் சொருகியது.

மாதக் கடைசிக்குள் தொகை நிறையாவிட்டால் பழைய வேலைக்கே திரும்புவது என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். பழைய மேனேஜரும் அவருடைய இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார். சம்பளம் பூட்டுக்காரருக்குப் பிரச்சினை இல்லை. விடைபெறும் நாளில், வெட்டிய கேக் கையிலேயே காயும்வரை எல்லோரையும் நிற்க வைத்து, அறிவை விலைபேசுவதன் இழிவைப் பற்றி அவர் ஆற்றிய உரைதான் பிரச்சினை. அதைக் கேட்டவர்கள் எல்லோரும் இன்னும் அங்கேயே வேலை பார்த்தார்கள்.

நன்கொடைப் பக்கத்தில் ஒரு பச்சைப் பட்டை உண்டு. பணம் வர வர அது நீளும். மாதம் முழுக்க அது செத்த பல்லி மாதிரி கிடந்தது. கடைசி வாரத்தில் திடீரென்று நகர ஆரம்பித்தது. கொடுத்தவர்கள் எல்லோரும் அச்சக முதலாளிகள்; மனைவியின் அண்ணனும் அதில் ஒருவர்.

"மக்களுக்குப் புரிய ஆரம்பிச்சிருக்கு," என்றார் மனைவியிடம், சரித்திரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பியபடி.

"எங்க அண்ணனுக்குமா?"

"உங்க அண்ணன்தான் மத்தவங்களைச் சேத்து வசூலே பண்ணியிருக்கார்."

அண்ணனை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பட்டை நிறைந்தது. நேரில் நன்றி சொல்ல மச்சானின் அச்சகத்துக்குப் போனார். உள்ளே மை வாசனை. கூரை தொடும் தாள் கட்டுகள். வெட்டும் இயந்திரத்தின் பக்கத்தில், அடுக்கின் மேல்தாளில் ஸ்கேலை வைத்து ஆபரேட்டர் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். மச்சானுடன், தெருக்கோடியில் நோட்டீஸ் அடிக்கும் முதலாளியும் காத்திருந்தார்.

"வாங்க மாப்ள. கோடு கொண்டாந்தீங்களா?"

அந்தக் கேள்வியில் அவருக்கு நெஞ்சு நிறைந்தது. கொண்டுவந்த பென் டிரைவைச் செருகித் திரையில் திறந்து காட்டினார். ஆயிரக்கணக்கான வரிகள் மேலே ஓடின.

"இதெல்லாம் எழுத்தால்ல இருக்கு," என்றார் நோட்டீஸ்காரர். "கோடு எங்க?"

"இதுதாங்க கோடு."

ஆபரேட்டர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "ஓரத்துல வெட்டறதுக்குக் கோடு வரும்னுதானே சார் சொன்னாங்க. இனிமே ஸ்கேல் வேணாம்னு."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அடித்த தாளில் வெட்டுவதற்கு அடையாளக் கோடு வரவில்லையே என்று மச்சான் வந்தபோதெல்லாம் கேட்டிருந்தார். சின்ன விஷயம் மச்சான், பாத்துக்கலாம் என்று இவரும் ஒவ்வொரு முறையும் சொல்லியிருந்தார். பிறகுதான் நன்கொடை அறிவிப்பை எழுதினார். முதலில் 'மூல நிரல்' என்றுதான் எழுதியிருந்தார். ஜனங்கள் மிரண்டுவிடுவார்கள், பாமரனுக்கும் புரிய வேண்டும் என்று அதை அடித்துவிட்டு, 'தொகை நிறைந்ததும் முழுக் கோடும் எல்லோருக்கும் வழங்கப்படும்' என்று மாற்றினார். பாமரனுக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

பேசாமல் அந்தக் கோட்டைச் சேர்த்துக் கொடுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மேனேஜர் முகத்தில் விழிக்கவும் வேண்டாம். அந்த எண்ணம் நாற்காலி போட்டு உட்காருவதற்குள் வாயைத் திறந்துவிட்டார்.

"மச்சான், நான் சொன்ன கோடு வேற. நீங்க நினைச்ச கோடு வேற. பணத்தைத் திருப்பிக் குடுத்துடறேன்."

"பணத்தை யார் கேட்டா?" என்றார் மச்சான். "அந்தக் கோடு போட எவ்வளவு நாளாகும்?"

"அரை மணி நேரம்."

உள்ளே ஓடிக்கொண்டிருந்த அச்சு இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். வேண்டுமென்றே நிறுத்தியது போலத்தான் அவருக்குப் பட்டது.

"அரை மணி நேரம்," என்றார் மச்சான், தாள் எண்ணுவது போல நிதானமாக. "இதுக்கா மாப்ள நான் கடை கடையா ஏறி இறங்கினேன்?"

நோட்டீஸ்காரர், சிரிப்பை இருமலாக்கிக்கொண்டு வெளியே போனார்.

பூட்டுக்காரர் தாள் கட்டின் மறைவில் நின்று மனைவிக்குப் போன் செய்தார். "நிறைஞ்சுது. ஆனா வேற கோட்டுக்கு," என்று நடந்ததைச் சொன்னார். மறுமுனையில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்தது.

"சிரிக்கறியா?"

"இல்லைங்க. அறிவிப்புல எந்தக் கோடுன்னு எழுதினீங்களா?"

"இல்ல."

"அப்ப ரெண்டையும் குடுத்துடுங்க. எங்கண்ணன் காசைத் திரும்ப வாங்க மாட்டான். வாங்கினா, ஏமாந்தது கடை கடையாத் தெரிஞ்சுடும்."

"அப்ப வேலை?"

"அந்த மேனேஜர்கிட்ட இதையெல்லாம் நீங்க விளக்கறதை என்னால நினைச்சுப் பாக்க முடியல. வீட்டுலயே இருங்க."

அவர் அச்சகக் கணினியின் முன் உட்கார்ந்தார். ஆபரேட்டர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். முதல் தாள் வந்ததும், "இன்னும் கொஞ்சம் வெளிய தள்ளுங்க சார், வெட்டினா எழுத்துல படும்," என்றார். தள்ளினார். அடுத்த தாளில், "இப்ப ரொம்பப் போயிடுச்சு." அரை மணி நேர வேலை சாயங்காலம்வரை இழுத்தது. வசூலுக்கேற்ற வேலைதான் என்று மச்சான் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

கிளம்பும் முன், சொன்னபடி சோர்ஸ் கோடின் பூட்டையும் திறந்துவிட்டார். எத்தனை பேர் எடுத்தார்கள் என்று பார்த்தார். ஒருவரும் இல்லை. திரையைப் புதுப்பித்துப் பார்த்தார். அப்போதும் இல்லை.

இருமி முடித்து உள்ளே வந்திருந்த நோட்டீஸ்காரர், வெட்டிய தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு. மடிக்கறதுக்கும் இதே மாதிரி ஒரு கோடு வேணுங்களே. அதையும் பூட்டித்தான் வெச்சிருக்கீங்களா?"

சுதந்திரத்துக்கும் இலவசத்துக்கும் உள்ள வித்தியாசம் பூட்டுக்காரரின் நாக்கு நுனிவரை வந்தது. கட்டுரையில் அதற்கென்றே தனிப் பகுதி இருந்தது. விழுங்கிவிட்டு, நாற்காலியை நோட்டீஸ்காரர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க எத்தனையா மடிப்பீங்க? நெடுக்கவா, குறுக்கவா?"