எண்பத்தெட்டு யாருடையது

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: வலி கண்டு கட்டிலில் படுத்திருந்த என் மனைவி பாக்கியமேரி, அவளுடைய அக்கா ரோசம்மாள், பாப்பாரப்பட்டியிலிருந்து நான் கூட்டி வந்த சென்னப்பன், மதலைமுத்து என்கிற நான். வயிற்றுக்குள் ஒரு பிள்ளையும் இருந்தது. அதை ஆளாகச் சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான் அப்போதைய பேச்சு. அடுப்பில் சென்னப்பனின் ஊசி கொதித்துக்கொண்டிருந்தது. வருஷம் 1969.

சென்னப்பன் டாக்டர் இல்லை. ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்துவிட்டு வந்து, வீடு வீடாக ஊசி போடுகிறவர். ஒன்றும் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. வயிற்றுப் பிள்ளையின் இதயம் நிமிஷத்துக்கு நூற்றிருபதுக்குக் குறையாமல் அடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தொப்புளுக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு முறை எண்ணினார். இரண்டு முறையும் எண்பத்தெட்டு. பிள்ளை அடங்கிக்கொண்டு வருகிறது, வலியை முடுக்கும் ஊசியைப் போட்டு வெளியே எடுத்துவிட்டால் தாயாவது தப்புவாள் என்றார்.

நான் நம்பினேன். முதல் பிள்ளை பிறந்தபோது சேலத்து மில்லில் நைட் ஷிப்டில் இருந்தேன். பிள்ளை அழவே இல்லையாம். சேதி கிடைத்து பஸ் பிடித்து வருவதற்குள் புதைத்துவிட்டார்கள். அதன்பிறகு மில்லுக்குத் திரும்பிப் போகவில்லை. இந்த முறை பக்கத்திலேயே இருந்தேன். இருந்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. காலையில் வலி தொடங்கியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் சென்னப்பனைக் கூட்டி வந்தேன்.

ரோசம்மாள் என்னிடம் கேட்கவில்லை. நான் அந்தப் பக்கம் போனதும், இந்தப் பக்கம் அரசாங்க நர்சு தீர்த்தம்மாளுக்கு ஆள் அனுப்பிவிட்டாள். சென்னப்பன் மருந்துக் குப்பியை எடுத்து உடைக்கப் போன நேரத்தில் நர்சம்மா உள்ளே வந்தார். குப்பியை வாங்கிப் பெயரைப் படித்தார். அதை மாடத்தில் வைத்தார்.

பிறகு ரோசம்மாளிடம் விசாரித்தார். முகம் வீங்கியதா, தலைவலி உண்டா, கண் மங்கியதா என்று கேட்டார். எதுவும் இல்லை. பனிக்குடம் உடைந்துவிட்டது, தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, பச்சையாக இல்லை என்றாள். அது நல்லது என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

பையிலிருந்து மரக்குழல் ஒன்றை எடுத்தார். ஒரு முனை புனல் மாதிரி விரிந்திருந்தது. அதைச் சென்னப்பன் வைத்த இடத்திலேயே வைத்துக் காதைக் கொடுத்தார். குழலைக் கையால் பிடிக்கவில்லை, காதாலேயே அழுத்திக்கொண்டார். என் இரண்டு விரல்களை இழுத்துப் பாக்கியமேரியின் மணிக்கட்டில் வைத்தார்.

"துடிப்பு தெரியுதா?"

"தெரியுதுங்க."

"காதுல கேக்கறத நான் கட்டில் சட்டத்துல தட்டறேன். உன் விரலுக்கு ஒத்து வருதான்னு பாத்துச் சொல்லு."

தட்டினார். விரலில் ஒன்று, சட்டத்தில் ஒன்று. கொஞ்சமும் பிசகவில்லை.

"ஒண்ணாத்தான் வருதுங்க."

"அப்ப அது உன் பொண்டாட்டியோட துடிப்பு. எண்பத்தெட்டு இவளுது."

சென்னப்பன் விடவில்லை. "அப்போ புள்ளையோடது எங்கீங்க சிஸ்டர்? ஒண்ணுமே இல்லீன்னுதான அர்த்தம்?"

அது எனக்கும் தோன்றியிருந்தது. எண்பத்தெட்டே மேல் என்றுகூட நினைத்தேன்.

"இன்னும் தேடவே இல்லியே," என்றார் நர்சம்மா. பிள்ளையின் முதுகு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் கேட்கும், இதன் முதுகு வலது பக்கம் திரும்பியிருக்கிறது என்று என்னிடம் சொல்லிக்கொண்டே குழலை நகர்த்தினார். கேட்டார். இன்னும் ஒரு விரல்கடை தள்ளி வைத்தார். ரோசம்மாள் ஜெபம் சொல்லத் தொடங்கினாள். நர்சம்மா கையைக் காட்டி அதையும் நிறுத்தினார்.

"மூச்சு வுடலாமாங்க?" என்றாள் பாக்கியமேரி.

"நீ வுடு. இவங்க மூணு பேரும் வுடக்கூடாது."

பிறகு அவருடைய விரல் சட்டத்தில் தட்டத் தொடங்கியது. வேகமாகத் தட்டியது. என் விரலுக்குக் கீழே மூன்று துடிப்பதற்குள் அங்கே ஐந்து விழுந்தது. தாயும் பிள்ளையும் வேறு வேறு ஆள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிஷம் எண்ணி, நூற்று நாற்பத்திரண்டு என்றார். அடுத்த வலி வந்தபோதும் குழலை எடுக்கவில்லை. தட்டல் கொஞ்சம் மட்டுப்பட்டது. வலி அடங்கியதும் பழைய வேகத்துக்கு ஏறியது.

"வலியில கொறையறது சகஜம். வலி போயும் ஏறாம கெடந்தாத்தான் பயம். இது ஏறிக்குது."

சென்னப்பன் கொதித்த ஊசியைத் துணியில் எடுத்துவிட்டார். பிள்ளை நன்றாக இருந்தால் ரொம்ப நல்லது, ஊசி போட்டால் சீக்கிரம் பிறந்துவிடும், இத்தனை தூரம் வந்ததற்கு அர்த்தம் வேண்டாமா என்றார்.

"கர்ப்பப்பை வுடாம இறுக்கும். நல்லா இருக்கற புள்ளைதான் சாவும்," என்ற நர்சம்மா என் பக்கம் திரும்பினார். "நீ கூட்டியாந்த ஆளு. நீதான் சொல்லணும்."

நான் மாடத்திலிருந்த குப்பியை எடுத்துச் சென்னப்பனின் பையில் போட்டேன். அடுப்பிலிருந்த டப்பாவின் வெந்நீரைக் கொட்டிவிட்டு அதையும் போட்டேன். பையை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எம்பட வூட்டுக் கதவத் தட்டாத, மதலை."

"தட்டமாட்டனுங்க."

இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். அது போதாதென்று பட்டு, சாவியையும் திருப்பினேன்.