துத்தநாகத்தில் செந்துரு

மெமோ வந்தபோது காந்திமதி பியூரெட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆபீஸ் கிளார்க் தீனா லேப் வாசலிலேயே நின்று காலை மாற்றி மாற்றி வைத்தான். பதினாறு வருஷமாக இந்தக் கெமிஸ்ட்ரி லேபில் உதவியாளராக இருக்கிறவளுக்கு மெமோ கொடுக்க அவனுக்கே கூச்சமாக இருந்திருக்கும். "கையெழுத்து போட்டு வாங்கிக்கோக்கா" என்று நோட்டை நீட்டினான். ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். இங்கிலீஷில் இருந்தது. அவளுக்குப் புரியாத இங்கிலீஷ் இல்லை. பல்கலைக்கழகப் பிராக்டிகல் தேர்வுக்குக் கரைசல்களைத் தவறான அளவில் கலந்து மாணவர்களுக்கும் கல்லூரிக்கும் கேடு விளைவித்ததற்காக அவள் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, மூன்று நாளில் பதில் வேண்டும். கீழே துறைத் தலைவர் தோத்தாத்ரியின் கையெழுத்து. அதைப் பார்த்ததும்தான் அவளுக்குக் காது சூடேறியது. அன்று காலையில்தானே அவரிடம் எல்லாவற்றையும் காட்டிவிட்டு வந்திருந்தாள்!

தேர்வு நடந்தது அதற்கு முந்தின நாள். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இருபத்திரண்டு பேர். சோதனை ஒன்றும் பெரிய சமாச்சாரம் இல்லை. ஒரு பீக்கரில் துத்தநாகத் தகடு, இன்னொன்றில் செப்புத் தகடு. அதனதன் கரைசலை ஊற்றி, நடுவே சால்ட் பிரிட்ஜ் என்கிற உப்புக் குழாயைக் கவிழ்த்து வைத்தால் அது ஒரு செல்; மீட்டரை மாட்டினால் 1.10 வோல்ட் காட்ட வேண்டும். ஒன்றிரண்டு புள்ளி முன்னே பின்னே இருக்கலாம். பதினாறு வருஷத்தில் அந்த எண்ணை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை. அன்றைக்கு முதல் மேஜையில் 0.76 காட்டியது. அடுத்ததில் 0.71. பள்ளிக்கரணையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற சத்யபிரியா தகட்டை உப்புத்தாளால் மூன்று முறை தேய்த்து, கழுவி, மறுபடி மாட்டிப் பார்த்தாள். 0.74. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அப்படியே ரெக்கார்டில் எழுதினாள். பின்னால் இரண்டு பேர் 1.09 என்று எழுதிக்கொண்டதைக் காந்திமதி பார்த்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சாலமனும் பார்த்துவிட்டார். ஒவ்வொரு மீட்டராகக் குனிந்து படித்தார். "பத்து சதவீதத்துக்கு மேல பிழை இருந்தா ரிசல்ட் மார்க் போட எனக்கு வழி இல்ல சார்" என்று தோத்தாத்ரியிடம் சொல்லிவிட்டுப் பதினைந்து மார்க்கை எல்லோருக்கும் சுழித்துவிட்டுப் போனார். நியாயமான மனுஷர். பொய் எழுதினவர்களுக்கும் போடவில்லை, மெய் எழுதினவர்களுக்கும் போடவில்லை.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு சத்யபிரியா மட்டும் திரும்பி வந்தாள். "அக்கா, நான் எங்க தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள். அழவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். காந்திமதிக்குப் பதில் தெரியவில்லை.

மறுநாள் காலையில் தெரிந்தது. கழுவித் தட்டில் அடுக்கி வைத்திருந்த துத்தநாகத் தகடுகளில் பாதிக்கு மேல் செம்பழுப்பாகத் திட்டுத் திட்டாகப் பூத்திருந்தது. துத்தநாகம் மங்கும், சாம்பல் நிறமாகும், வெள்ளையாகப் பொரிந்துகூடப் போகும். இப்படிச் சிவப்பாகத் துருப்பிடித்து அவள் பார்த்ததில்லை. கரைசலைச் சுற்றவைக்கிற காந்தக் குச்சியைக் கொண்டுவந்து தகட்டுக்குப் பக்கத்தில் நீட்டினாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது. இரும்பு! கூரைக்கு அடிக்கிற ஜி.ஐ. தகட்டைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, 'ஜிங்க்' என்று சீட்டு ஒட்டி ஜனவரியில் பொட்டலம் கட்டி அனுப்பியிருந்தார்கள். மேலே முலாமாக மெல்லிசாகத் துத்தநாகம் இருந்தவரைக்கும் மாதிரித் தேர்வில் 1.07 காட்டி ஏமாற்றியது. பெரிய தேர்வுக்கு முன்னால் முறைப்படி அவள் நீர்த்த அமிலத்தில் முக்கி எடுத்தாள், பிள்ளைகள் வேறு உப்புத்தாளால் தேய்த்தார்கள். முலாம் போய் உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது. மேஜை டிராயரில் கிடந்த பழைய துத்தநாகக் குச்சித் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, தேர்வில் மிஞ்சிய அதே கரைசலில் நிறுத்தி மீட்டரை மாட்டினாள். 1.09.

இவ்வளவையும் தோத்தாத்ரியைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், "பார்க்கலாம்மா" என்றார். பார்த்த லட்சணம்தான் இந்த மெமோ.

காந்திமதி பியூரெட்டுகளை அப்படியே போட்டுவிட்டு அவர் அறைக்குப் போனாள். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

"சார், இதுல உங்க கையெழுத்து கீது."

காலேஜில் அவள் எப்போதும் 'இருக்கு' என்றுதான் பேசுவாள். வீட்டுப் பேச்சு வந்துவிட்டதை இரண்டு பேருமே கவனித்தார்கள்.

"கரஸ்பாண்டன்ட் ரூம்ல டைப் பண்ணியே வெச்சிருந்தாங்கம்மா" என்றார் அவர். "தகடு சப்ளை பண்ணது யாருன்னு உனக்கும் தெரியும்."

தெரியும். கரஸ்பாண்டன்ட் பொன்னுரங்கத்தின் மச்சான் கதிரேசன். ஹார்டுவேர் கடைக்காரர். போன வருஷத்திலிருந்து லேப் சாமான் எல்லாம் அந்தக் கடையிலிருந்துதான் வருகிறது.

"நான் வந்த புதுசுல காப்பர் சல்பேட்ட பத்து மடங்கு தண்ணியா கலக்கிட்டேன். வேல போயிடும்னு பயந்துகினு உங்ககிட்ட வந்து நின்னேன். நீங்க இன்னா சொன்னீங்க சார்?"

அவர் டப்பாவின் கிளிப்பை மாட்டினார்.

"பத்து மடங்கு தப்பானாலும் மீட்டர்ல 0.03தாம்மா மாறும், போய் வேலையப் பாருன்னு சொன்னீங்க. சிரிச்சிகினே சொன்னீங்க. இப்ப கொறஞ்சிருக்கிறது 0.36. அதுக்கு நான் எத்தினி மடங்கு தண்ணி ஊத்தியிருக்கணும்? நீங்களே சொல்லுங்க."

முப்பது வருஷமாகக் கணக்குப் போட்டுப் பழகின மனசு அவரைக் கேட்காமலே போட்டுவிட்டது. "பத்தோட பன்னிரண்டாவது அடுக்கு" என்றார் மெதுவாக. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒன்றுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு சைபர். காந்திமதிக்குத் தன் வீட்டுப் பக்கத்து ஏரிதான் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு சொட்டுக் காப்பர் சல்பேட்டை எடுத்துப் பீர்க்கன்கரணை ஏரி முழுக்கக் கலக்கினால்தான் அந்த அளவுக்கு வரும். அப்படி ஒரு காரியத்தை ஒரு குவளைத் தண்ணீரில் அவள் செய்துவிட்டாளாம். அது நடக்கவே நடக்காது என்று தெரிந்த ஒரே ஆள் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார். தெரியாதவன் போட்டிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

"எனக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தாம்மா சர்வீஸ். கொஞ்சம் பொறுத்துக்கோ. நாள் போனா எல்லாம் ஒரு சமநிலைக்கு வந்துடும்."

"செல்லு சமநிலைக்கு வந்தா மீட்டர்ல சைபர் சார். செத்துப்போச்சுன்னு தூக்கிக் கொட்டிடுவோம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.  

வீட்டில் அவள் புருஷன் ரத்தினம் கேட்டுக்கொண்டே சாப்பிட்டான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனி குடோனில் லோடு இறக்கி ஏற்றுகிறவன். "மன்னிச்சிக்கோன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாப்பியா, அத்த வுட்டுட்டு..." என்றான். அவன் கெட்டவன் இல்லை. அவன் வேலை செய்கிற இடத்தில் தினமும் யாராவது யாருடைய தப்புக்காவது அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். "நான் எழுதிக் குடுத்துட்டா, எங்க தப்புன்னு கேட்ட அந்தப் பொண்ணு தப்பா செஞ்சதா ஆவாது. நான் தப்பா செஞ்சதா ஆவும். அந்தக் கரஸ்பாண்டன்ட் மச்சான் மட்டும் தப்பே செய்யாதவனா ஆயிடுவான்" என்றாள் காந்திமதி. ரத்தினம் குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பொன்னுரங்கம் கூப்பிட்டனுப்பினார். காலேஜ் நிற்கிற இடம் முழுக்க ஒரு காலத்தில் அவர் குடும்பம் நெல் போட்ட நிலம். அந்தச் சொந்தத்தோடுதான் அவர் எல்லோரிடமும் பேசுவார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"இன்னாம்மா காந்தி, எத்தினி வருசமா கீற இங்க. நம்ம வூட்டுப் பொண்ணு மாதிரி. உன் வேலைக்கி ஒண்ணும் ஆவாது, நான் கீறேன். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடு." ஒரு தாளை நகர்த்தினார். மன்னிப்புக் கடிதம். அவளுக்காகவே தமிழில் அடித்து வைத்திருந்தார்கள்.

"பசங்க மார்க்கு சார்?"

"போனது போவட்டும். வேணும்ன்றவன் அடுத்த வருசம் எழுதிக்கட்டும்."

அடுத்த வருஷம். இரண்டு வார்த்தையில் முடிகிற காரியம் மாதிரிச் சொன்னார். காந்திமதி கைப்பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்து மேஜைக் கண்ணாடி மேல் வைத்தாள். காந்தக் குச்சியை அதன் மேல் விட்டாள். அது ஒட்டிக்கொண்டு நின்றது. செந்துரு கண்ணாடியில் பொடியாக உதிர்ந்தது.

"ஜிங்க்னு எழுதி இரும்பு குடுத்துக்கீறாங்க சார்."

பொன்னுரங்கம் தகட்டைத் தொடாமல் பார்த்தார். நிஜமாகவே புரியாதவராகக் கேட்டார். "இரும்புன்னா இன்னா? கரண்டு போவாதா?"

சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது அவளுக்கு. அடுத்த நொடி அதே இடத்தில் தீ மாதிரி ஏறியது. இருபத்திரண்டு பிள்ளைகளின் மூன்று வருஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அது என்னவென்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"கரண்டு போவும் சார். பசங்களுக்கு மார்க்குதான் போவும்."

அவர் முகம் மாறியது. "கதிரேசன் என் மச்சான். தெரிஞ்சிகினுதானே பேசற?"

"தெரிஞ்சிகினுதான் சார் பேசறேன்."

தகட்டையும் குச்சியையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மன்னிப்புக் கடிதம் மேஜையிலேயே கிடந்தது.

லேபுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு வெள்ளைத் தாளில் தன் பதிலை எழுதினாள். தமிழில்தான் எழுதினாள். தேர்வு நாளில் இருபத்திரண்டு மீட்டரிலும் என்ன காட்டியது, அதே கரைசலில் பழைய குச்சி எவ்வளவு காட்டியது, தகட்டில் காந்தம் ஒட்டியது, துரு வந்தது. பத்து மடங்குக்கு 0.03 என்பதையும் எழுதினாள். கடைசியில், சரியான துத்தநாகம் வாங்கி மறுபடி தேர்வு வைக்க வேண்டும், இதன் நகல் பல்கலைக்கழகத்துக்கும் தேர்வாளருக்கும் போகிறது என்று முடித்தாள். தோத்தாத்ரி சார் தகட்டை நேரில் பார்த்தார் என்று ஒரு வரி எழுதி, அதை அடிக்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். அடிக்கவில்லை.

ஆபீஸ் ஜன்னலில் தீனா இருந்தான். ஹால் டிக்கெட் கொடுக்கிற நாள். அவள் நீட்டிய தாளை இரண்டு வரி படித்துவிட்டு அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"அக்கா, இத்த வாங்கினா என்னையும் தூக்கிடுவாங்க. பேஜார் பண்ணாதக்கா."

"வாங்காத. இன்னொரு நகல்ல சீல் மட்டும் போட்டுக் குடு. வந்துச்சுன்னு என்கிட்ட அத்தாட்சி இருந்தா போதும்."

"கரஸ்பாண்டன்ட் சொல்லணும்."

"கேட்டுகினு வா. நான் நிக்கிறேன்."

அவன் எழுந்து போகவும் இல்லை, சீலைத் தொடவும் இல்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்திரை வெயில் வராந்தாவில் பாதி வரைக்கும் வந்துவிட்டது. ஹால் டிக்கெட்டுக்கு வந்த பிள்ளைகள் பின்னால் சேர ஆரம்பித்தார்கள். தீனா அவளைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அடுத்து யாரு, வாங்க" என்றான். அவளுக்குப் பின்னால் சத்யபிரியா நின்றிருந்தாள். காந்திமதி கையிலிருந்த தாளை அவள் தோள் வழியாகப் படித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"அக்கா முடிக்கட்டும் அண்ணா" என்றாள்.

தீனா அடுத்த பையனைக் கூப்பிட்டான். அந்தப் பையன் சத்யபிரியாவைப் பார்த்தான், காந்திமதியைப் பார்த்தான், நகரவில்லை. பக்கத்தில் நின்ற யாரும் காரணம் கேட்கவில்லை. பின்னால் வந்து கேட்டவர்களுக்கு முன்னால் நின்றவர்கள் மெதுவாகச் சொன்னார்கள். வரிசை வராந்தாவைத் தாண்டிப் படியில் இறங்கி, வெயிலில் சைக்கிள் ஸ்டாண்ட் வரைக்கும் நீண்டது. அங்கே, மகளுக்கு அட்மிஷன் விசாரிக்க வந்த ஒருவர், ஃபைலைத் தலைக்கு மேல் பிடித்தபடி, இது எதற்கான வரிசை என்று தெரியாமலே கடைசியில் வந்து நின்றுகொண்டார்.